வாசனை சொல்ல ஓர் ஆள்

ஏரிக்கரைப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்த நாள் முதல் ரொட்டிக்காரர் வீட்டில் யாரும் சூடாக ஒரு வாய் காபி குடித்ததில்லை. கோப்பையை எடுப்பார்கள், ஒருவர் வாயைத் திறப்பார், மற்றவர் பதிலுக்குத் திறப்பார், அதற்குள் காபி ஆடை கட்டிவிடும்.

சாதாரணப் பள்ளியா அது? பெரிய பெரிய மனிதர்களின் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற இடம். கேட்டிலிருந்து வகுப்பறைக்கு நடந்து போவதற்குள் பாதிப் பாடம் முடிந்துவிடும் என்பார்கள், அவ்வளவு பெரிய வளாகம். வருஷத்துக்குச் சில பிள்ளைகளை மட்டும் பரீட்சை வைத்துப் பொறுக்கி எடுத்து, சல்லிக்காசு வாங்காமல் படிக்க வைக்கிறார்கள். அறிவியல் டீச்சர் விடாப்பிடியாக எழுத வைத்த அந்தப் பரீட்சையில் ரொட்டிக்காரரின் மகள் தேறிவிட்டாள். இனி நேரில் ஒரு பேட்டி. அதிலும் தேறிவிட்டால், பதினான்கு வயதுப் பெண் பெட்டி படுக்கையோடு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. கடையின் முன்பக்கம் நின்று விற்பவள் அவள். வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் ரொட்டியோடு இந்தச் செய்தியையும் சேர்த்துச் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ரொட்டிக்காரரோ தினம் ஒரு சாக்குச் சொன்னார். ஒரு நாள், "அவ்வளவு தூரத்துல பிள்ளைக்கு ஒண்ணுன்னா ஓடிப்போக முடியுமா?" மறுநாள், "பணக்காரப் பிள்ளைங்க நடுவுல இவ ஒட்டாம நிப்பா." அதற்கடுத்த நாள் சாக்குப் பஞ்சம் வந்து, "ஏரிக்கரைன்னா கொசு இருக்கும்" என்றார்.

"கொசுவுக்குப் பயந்து யாராவது படிப்பை விடுவாங்களா?" என்றாள் மனைவி. "பொண்ணை விட்டுட்டு இருக்க முடியலைன்னு நேராச் சொல்லுங்களேன்."

"எனக்கே போகப் பிடிக்கலைம்மா," என்றாள் மகள், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

"நீ சும்மா இரு. அப்பாவும் பொண்ணும் கூட்டு. எனக்குத் தெரியாதா?"

கூட்டு என்னவோ உண்மைதான். என்ன கூட்டு என்பதுதான் அவளுக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாமல் மூடி வைத்து நான் என்ன சாதிக்கப் போகிறேன்? சொல்லிவிடுகிறேன். ரொட்டிக்காரருக்கு வாசனை தெரியாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. வந்த காய்ச்சல் போகிற போக்கில் மூக்கின் வேலையையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. நாக்குக்கு உப்பு, இனிப்பு, புளிப்பு தெரியும். மற்றபடி மல்லிகையும் மண்ணெண்ணெயும் அவருக்கு ஒன்றுதான். நான்கு தெரு தள்ளி ஒரு டாக்டரிடம் ரகசியமாகப் போய்க் காட்டினார். "வந்தா வரும், பொறுத்திருந்து பாருங்க," என்றார் டாக்டர். பொறுத்திருந்தார். வரவில்லை.

மூக்கு போனால் என்ன, கையும் கண்ணும் இருக்கிறதே என்று நீங்கள் நினைக்கலாம். ரொட்டி வேலை அப்படியில்லை. பிசைந்த மாவு பொங்கியது போதுமா, இல்லை புளித்துப்போய்விட்டதா, வெண்ணெய் புதுசா, காறிப்போனதா, ஓவனுக்குள் இருப்பது சிவக்கிறதா, கருகுகிறதா, எல்லாவற்றையும் முதலில் சொல்வது மூக்குதான். அது இல்லாத ரொட்டிக்காரரிடம் தெரு எந்த நம்பிக்கையில் வாங்கும்? அந்தப் பயத்தில் அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. மனைவியிடமும்தான். அவளிடம் சொல்வதும் தெருமுனையில் மைக் கட்டிச் சொல்வதும் ஒன்று என்பது அவருடைய எண்ணம்.

கண்டுபிடித்தவள் மகள். ஒரு காலையில் பள்ளிக்குக் கிளம்பியவள், ஏதோ கேட்க அடுப்பறைக்குள் வந்தாள். அவர் முதுகுக்குப் பின்னால் அடுப்பில் பால் பொங்கி வழிந்து, தீய்ந்து, புகையாய்ப் புகைந்துகொண்டிருந்தது. அவர் பாட்டுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார்.

"அப்பா, உங்களுக்கு வாசனை தெரியலையா?"

அவர் திரும்பிப் பாலைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். மாவுக் கையோடு உதட்டின்மேல் விரலை வைத்தார். மீசையெல்லாம் மாவு. அவள் சிரிக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, "அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்," என்றாள். பன்னிரண்டு வயது.

மறுநாளிலிருந்து விடியற்காலையில் எழுந்து அடுப்பறைக்கு வரத் தொடங்கினாள். கதவின் ஆணியில் அவளுக்கென்று ஒரு ஏப்ரன் மாட்டப்பட்டது. குழந்தையில் சப்பை மூக்கு என்பதால் அவர் செல்லமாக 'மூக்கி' என்று கூப்பிடுவார். அந்தப் பெயர் இப்படிப் பொருந்தும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

முதலில் எல்லாம் "சரி", "சரியில்லை" என்று மட்டும் சொன்னாள். அவருக்குப் போதவில்லை. "எப்படி இருக்கு, சொல்லு," என்று கெஞ்சுவார். அவள் யோசித்து யோசித்துச் சொல்லக் கற்றுக்கொண்டாள். நன்றாகப் பொங்கிய மாவு, குளித்து முடித்த குழந்தையின் தலை. கொஞ்சம் அதிகமாகிவிட்டால், மழையில் நனைந்த சாக்ஸ். வெந்துகொண்டிருக்கும் ரொட்டி, வெயிலில் காய்ந்த போர்வை. வெண்ணெய் காறிப்போனால், பழைய சைக்கிள் கடை. அவள் சொல்லச் சொல்ல அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். எங்கேயோ ஒரு மூலையில் அந்த வாசனை வந்துவிட்டுப் போகும்.

அவர்களுக்குள் ஒரே ஒரு சட்டம் இருந்தது. "வாசனை விஷயத்துல மட்டும் பொய் சொல்லாதே, மூக்கி. கருகிடுச்சுன்னா கருகிடுச்சுன்னு சொல்லணும். நான் வருத்தப்படுவேன்னு பார்க்காதே."

அவள் ஒரு தடவைகூட அந்தச் சட்டத்தை மீறியதில்லை.

இன்னொரு சட்டமும் அந்த வீட்டில் இருந்தது. அது மனைவிக்கானது. அவளுக்கு ஓயாத தலைவலி. எதிரே மருந்துக்கடையில் விற்கும் தைலம்தான் அவளுக்கு உயிர். நெற்றியில், கழுத்தில், காதுக்குப் பின்னால் என்று பூசிக்கொள்வாள். "தைலத்தோட உள்ளே வராதே! ரொட்டியெல்லாம் மருந்து நாத்தம் அடிக்கும்," என்று ரொட்டிக்காரர் கல்யாணமான நாளிலிருந்து கத்தியிருக்கிறார். அவள் அடுப்பறை வாசலில் நிற்பதற்குள் அவருக்கு மூக்கு விடைக்கும். இப்போது இரண்டு வருஷமாகக் கத்துவதே இல்லை. நெற்றி பளபளக்க அவள் பக்கத்தில் வந்து நின்றால்கூட, "என்னம்மா?" என்று சாதுவாகக் கேட்பார். மகள்தான் ஏதாவது சாக்குச் சொல்லி அவளை முன்பக்கம் தள்ளிக்கொண்டு போவாள்.

இதுதான் நிலவரம். இந்த நிலவரத்தில்தான் ஏரிக்கரைப் பள்ளி வந்து கதவைத் தட்டியது.

மகள் ஏன் போகப் பிடிக்கவில்லை என்கிறாள் என்று ரொட்டிக்காரருக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். தனக்காகத்தான் சொல்கிறாள் என்று தெரிந்தே, அதற்கு ஒத்து ஊதிக்கொண்டிருந்தார். அது அவர் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. ஆனால் அவள் போய்விட்டால் கடையின் கதி என்ன? இந்த இரண்டுக்கும் நடுவில் மனிதர் மெலிந்தே போனார்.

"போய்ப் பார்த்துட்டு வர்றதுல என்ன வந்தது? நீங்களும் வாங்க. ஒரு நாள் கடையை மூடினா குடியா முழுகிடும்?" என்றாள் மனைவி.

"தெருவுல எல்லாருக்கும் காலையில ரொட்டி யார் குடுப்பா? நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. நான் தனியாவே பார்த்துக்கறேன்."

சொல்லும்போதே மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார். இது ஒரு பரீட்சை. இவள் இல்லாமல் என்னால் சமாளிக்க முடிந்தால், இவளை அனுப்பிவிடுகிறேன். முடியாவிட்டால்? அதற்கு மேல் அவர் யோசிக்கவில்லை.

அம்மாவும் மகளும் ரயில் ஏறினார்கள். ஏறும்போது மகள் காதோடு, "வெண்ணெய் புதுசு வாங்கிடுங்க. சந்தேகமா இருந்தா தூக்கிப் போட்டுடுங்க," என்றாள்.

முதல் நாள் பிரமாதமாகப் போயிற்று. விரலால் மாவை அழுத்திப் பார்த்தார், ஓவன் கண்ணாடிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார், தட்டிப் பார்த்துக் காதால் கேட்டார். ரொட்டி நன்றாகவே வந்தது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவுதானா, இதற்காகவா இரண்டு வருஷம் பயந்து செத்தோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

இரண்டாம் நாள் பக்கத்துச் சின்னப் பள்ளியின் விளையாட்டுப் போட்டிக்குக் கேக் கேட்டிருந்தார்கள். முட்டையும் சர்க்கரையும் அடித்து, மாவைக் கலந்து, வெனிலா எசென்ஸ் பாட்டிலைத் திறந்தபோது போன் அடித்தது.

"அப்பா, பேட்டி முடிஞ்சிடுச்சு. கிளம்பிட்டோம். அங்க எல்லாம் சரியா?"

"ராஜா மாதிரி இருக்கேன். நீ கவலைப்படாம வா. பேட்டி எப்படி?"

"ஏதோ கேட்டாங்க, ஏதோ சொன்னேன்," என்றாள் அவள். குரலில் ஏதோ ஒன்றை அமுக்கி வைத்துக்கொண்டு பேசுவது போல இருந்தது.

போனை வைத்துவிட்டு வந்து நின்றார். வெனிலா ஊற்றிவிட்டோமா, இல்லையா? முன்பானால் குனிந்து ஒரு மூச்சு இழுத்தால் போதும். இப்போது பாத்திரத்தை வெறித்துப் பார்த்தார். அது பதில் சொல்லவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஊற்றினார். அடுத்த பாத்திரத்துக்கும் அதே சந்தேகம், அதே வைத்தியம். பாட்டிலைச் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் வைத்தார். மூடியைத் திருகினாரா? அதுவும் அவருக்கு ஞாபகமில்லை.

சற்று நேரம் கழித்து மேஜையெல்லாம் ஈரம். தண்ணீர்ச் செம்பு பக்கத்தில் இருந்தது. செம்பு சிந்திவிட்டது என்று நினைத்து, துணியை எடுத்து நன்றாகத் துடைத்தார். டப்பாவுக்குப் பின்னால் பாட்டில் சாய்ந்து கிடந்ததை அவர் பார்க்கவில்லை. அந்த எசென்ஸுக்கும் தண்ணீருக்கும் கண்ணால் வித்தியாசம் தெரியாது. சொட்டச் சொட்ட நனைந்த துணியைப் பிழிந்து, காயட்டும் என்று எங்கே போட்டார் தெரியுமா? ஓவன் கதவின் கைப்பிடியில்.

அப்புறம் கேட்க வேண்டுமா? சூட்டில் துணி காயக் காய வெனிலா கிளம்பியது. அடுப்பறையை நிறைத்து, கடையைத் தாண்டி, வாசல் வழியாக இறங்கித் தெருவில் நடக்க ஆரம்பித்தது. மாடி ஜன்னல்கள் திறந்தன. பள்ளி விட்டு வருகிற பிள்ளைகள் கடை வாசலில் அப்படியே நின்றுவிட்டார்கள். என்ன கேக், என்ன கேக் என்று ஆள்மேல் ஆளாக வந்தார்கள். ரொட்டிக்காரருக்கு ஒரே ஆனந்தம். தனியாக நின்று வியாபாரத்தை ஒரு தூக்குத் தூக்கிவிட்டோம் என்று நினைத்தார்.

மருந்துக்கடைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். பல வருஷப் பழக்கம், வாய்க்குப் பூட்டுக் கிடையாது.

"யோவ், வெனிலாக் கிணத்துல ஏதாவது விழுந்துட்டியா? என் கடைக்கு இருமல் மருந்து வாங்க வந்தவன் கேக் குடுங்கறான்யா!"

ரொட்டிக்காரருக்குப் பகீரென்றது. "இன்னிக்கு ஸ்பெஷல்," என்று இளித்துவைத்து அவரை அனுப்பினார். அடுப்பறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டு, நெஞ்சு வலிக்க மூச்சை இழுத்தார். ஒன்றுமில்லை. ஒவ்வொரு டப்பாவாகத் தலையை விட்டுப் பார்த்தார். ஒன்றுமில்லை. தெரு முழுக்கத் தெரிந்த ஒன்று, அதன் நடுவில் நிற்கிற அவர் ஒருவருக்கு மட்டும் தெரியவில்லை. எங்கிருந்து வருகிறது என்று தேடக்கூட அவரால் முடியவில்லை. அப்படியே மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் அம்மாவும் மகளும் வந்து சேர்ந்தார்கள்.

"என்னங்க இது? பஸ் ஸ்டாப்புல இறங்கும்போதே எனக்கு மண்டையைப் பொளக்குது! என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

மகள் வாசலில் நின்று ஒரே ஒரு மூச்சு இழுத்தாள். நேராக ஓவனிடம் போனாள். கைப்பிடியிலிருந்து துணியை எடுத்துக் குழாயடியில் போட்டாள். டப்பாவுக்குப் பின்னால் கையை விட்டுப் பாட்டிலை நிமிர்த்தினாள். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, கண்ணைக்கூட இமைக்காமல் சொன்னாள்:

"நான்தான்மா அப்பாகிட்ட சொன்னேன். துணியில கொஞ்சம் எசென்ஸ் நனைச்சு ஓவன்கிட்ட தொங்கவிட்டா தெருவுக்கே மணக்கும், கூட்டம் வரும்னு எங்கேயோ படிச்சேன். அப்பா கொஞ்சம் தாராளமா நனைச்சுட்டார்."

"நல்லாப் படிச்ச போ," என்றாள் அம்மா. நம்பிவிட்டாள்.

ரொட்டிக்காரர் மகளையே பார்த்தார். பொய் எவ்வளவு வழவழப்பாக வந்தது! ஒரு தட்டுத் தடங்கல் இல்லை. இவ்வளவு சுலபமாக வர வேண்டுமென்றால் எத்தனை தடவை சொல்லிப் பழகியிருக்க வேண்டும்? போன வருஷம் வகுப்போடு சுற்றுலா போகாமல் வயிற்று வலி என்று படுத்துக்கொண்டாளே, அது? காலையில் ஓட்டப் பயிற்சிக்குப் போகப் பிடிக்கவில்லை என்று நின்றுவிட்டாளே, அது? வாசனையில் பொய் சொல்லாதே என்று சொல்லிக் கொடுத்தவர், மற்ற எல்லாவற்றிலும் பொய் சொல்ல அவளைப் பழக்கியிருக்கிறார். வெனிலா கூடிப்போய்க் கேக் நாசமானதுகூட அவருக்குப் பெரிதாகப் படவில்லை. இதுதான் அவரை அடித்துப் போட்டது.

மனைவி கைப்பையைத் திறந்து தைலத்தை எடுத்தாள். நெற்றியில் பூசிக்கொண்டே, ஆறவைத்த ரொட்டிகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். மகள் அவசரமாக, "அம்மா, நீ முன்னாடி போய் உக்காரு," என்று அவள் தோளைத் தொட்டாள்.

"விடு மூக்கி," என்றார் ரொட்டிக்காரர். மனைவியைப் பார்த்தார். "தைலமா பூசற?"

"ஆமா. ஏன்?"

"எனக்குத் தெரியலை. கண்ணால பார்க்கறதாலதான் தெரியுது. வாசனை தெரியலை. இந்த வெனிலாவும் தெரியலை. அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம் எனக்கு எதுவுமே தெரியலை."

தைல விரல் நெற்றியிலேயே நின்றது. அவர் எல்லாவற்றையும் சொன்னார். பால் தீய்ந்தது, டாக்டர், விடியற்காலை, ஏப்ரன், எதையும் விடவில்லை. மகள் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள்.

கேட்டு முடித்து மனைவி முதலில் கேட்ட கேள்வி இதுதான்: "அப்போ ரெண்டு வருஷமா தைலத்துக்கு என்னைத் திட்டலையே, அது இதனாலயா?"

"ம்."

"நான் என்ன நெனச்சிட்டிருந்தேன் தெரியுமா?"

"என்ன நெனச்ச?"

"உங்களுக்கு என்மேல பாசம் கூடிடுச்சுன்னு நெனச்சேன்!" அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "எதிர்க்கடைக்காரர்கிட்ட பெருமை வேற பேசினேன். மனுஷன் தங்கமா மாறிட்டார்னு!"

"பாசம் இல்லாமலா?" என்றார் அவர் மெதுவாக.

"போதும், பேசாதீங்க." சிரிப்பு நின்றது. "என்கிட்ட சொல்லியிருந்தா நான் என்ன மூட்டையைக் கட்டிட்டுப் போயிருப்பேனா? தூக்கிட்டுப் போய்ப் பச்சப்பிள்ளை தலையில வெச்சிருக்கீங்களே! அது தூங்குற நேரமா பார்த்து எழுப்பி..."

அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

"அப்பாவைத் திட்டாதேம்மா," என்றாள் மகள். "எனக்குப் பிடிச்சுதான் செஞ்சேன். அந்த ஸ்கூலும் எனக்குப் பிடிக்கலை. அவங்க எடுத்துக்கறேன்னு சொன்னா நான் போகணுமா?"

"எடுத்துக்கறேன்னு சொல்லிட்டாங்களா?" என்றார் ரொட்டிக்காரர்.

"அங்கேயே சொல்லிட்டாங்க," என்றாள் மனைவி. "இந்த வாரத்துக்குள்ள பதில் சொல்லணுமாம். வழி நெடுக இவ வேண்டாம் வேண்டாம்னே வந்தா."

ரொட்டிக்காரர் மூட்டையில் கொஞ்சம் நகர்ந்து மகளுக்கு இடம் விட்டார். அவள் உட்கார்ந்தாள்.

"சரி, உனக்குப் பிடிக்கலை. விடு. அந்த இடம் எப்படி மணந்துச்சு? அதை மட்டும் சொல்லு."

அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். அப்பா எங்கே கை வைக்கிறார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் சட்டம் சட்டம்தானே?

"கேட்டுக்குள்ள போனதும் வெட்டின புல்லு," என்றாள் வேண்டாவெறுப்பாக. "அப்புறம் ஏரி. ஏரின்னா நாத்தம் இல்லை. கழுவின கல்லு மாதிரி."

"ம்."

"லைப்ரரி பெருசு. புதுப் புத்தகம் ஒரு பக்கம், பழசு ஒரு பக்கம். நடுவுல நின்னா ரெண்டும் சேர்ந்து... எப்படிச் சொல்றது... பிஸ்கட் டப்பாவைத் திறந்த மாதிரி. லேப்ல ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு வாசனை. அங்க இருந்த மிஸ் கண்ணை மூடச் சொல்லி ஒண்ணு காட்டினாங்க. நான் பேரிக்காய்னு சொன்னேன். பழமே இல்லாம பழ வாசனை எப்படி வருதுன்னு முதல் மாசமே சொல்லித் தருவாங்களாம்! பொண்ணுங்க தங்கற இடத்துல சோப்பு, ஈரத் தலை, யாரோ ஒளிச்சு வெச்ச சாக்லேட். ஒரு கட்டில் காலியா இருந்துச்சு. ஜன்னல் பக்கம். அதுல உக்காந்து பார்த்தேன். மரம் புதுசாச் சீவின பென்சில் மாதிரி..."

நின்றுவிட்டாள். வேண்டாவெறுப்பு எப்போது போயிற்று, மூச்சு விடாமல் எப்போது பேசத் தொடங்கினோம் என்று அவளுக்கே தெரியவில்லை. முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"அந்தக் கட்டில்ல உக்காந்து பார்த்தியா?" என்றார் அப்பா.

அவள் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். மகள் அழுது அவர் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது. அந்த இடம் அவளுக்கு எவ்வளவு பிடித்துவிட்டது என்று இதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"குறைன்னு ஒண்ணுகூட இல்லையா அங்க?" என்றாள் அம்மா, தானும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"ரொட்டி," என்றாள் மகள், முகத்தை எடுக்காமலே. "நேத்து மாவு. அடியில வேற கருகல்."

மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள்.

"போறா," என்றார் ரொட்டிக்காரர். "நாளைக்கே பதில் சொல்லிடு."

மகள் நிமிர்ந்தாள். "அப்போ உங்களுக்கு யார் சொல்லுவா?"

மனைவி தைல பாட்டிலை மூடினாள். குழாயடிக்குப் போய் நெற்றியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். முந்தானையால் துடைத்துக்கொண்டு வந்து, ரொட்டித் தட்டின் முன்னால் நின்றாள். "ஏன், நான் ஒருத்தி இங்க மரம் மாதிரியா நிக்கறேன்?"

அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நம்பிக்கையான பார்வை என்று சொல்ல முடியாது.

பயந்ததற்கு ஏற்றபடிதான் நடந்தது. மாவை முகரச் சொன்னால், "நல்லா இருக்கு" என்பாள். வெந்த ரொட்டி, "நல்லா இருக்கு". வேண்டுமென்றே காறிப்போன வெண்ணெயை நீட்டினால், "நல்லா இல்லை". அதற்கு மேல் கசக்கிப் பிழிந்தாலும் வராது. "எதை மாதிரி இருக்கும்மா? எதையாவது சொல்லு," என்று மகள் மன்றாடுவாள். "ரொட்டி ரொட்டி மாதிரிதாண்டி இருக்கும்! வேற எதை மாதிரி இருக்கும்?" என்று அவள் எரிந்து விழுவாள். தைலம் இல்லாமல் தலைவலி வேறு. ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஆனால் ஒரு நாளும் வராமல் இருக்கவில்லை. சரியா, சரியில்லையா என்பதில் ஒரு தடவையும் தவறவில்லை. கடை ஓட அது போதும்.

தெருவுக்கு விஷயம் தெரிந்ததா என்று கேட்கிறீர்களா? மனைவி அன்றைக்கே மருந்துக்கடைக்காரரிடம் சொல்லிவிட்டாள். தெரு ஒரு வாரம் உச்சுக்கொட்டியது, அப்புறம் வேறு பேச்சுக் கிடைத்துவிட்டது. ரொட்டி வழக்கம்போல் விற்றது. மருந்துக்கடைக்காரருக்குத்தான் வருத்தம், தைல வியாபாரம் படுத்துவிட்டதென்று. ரொட்டிக்காரர் இரண்டு வருஷம் பயந்தது இதற்குத்தான்.

பள்ளி திறக்கும் நாளுக்கு முன்பே இருவருமாகப் போய் மகளை விட்டு வந்தார்கள். ஜன்னல் பக்கத்துக் கட்டிலே கிடைத்தது. கிளம்பும்போது அவள் அப்பாவின் சட்டையில் மூக்கை வைத்து ஒரு மூச்சு இழுத்தாள். "வெயில்ல காஞ்ச போர்வை," என்றாள். அவர் வேகமாக நடந்து கேட்டுக்கு வெளியே வந்துவிட்டார்.

மறுநாள் விடியலில் அடுப்பறையில் இரண்டு பேர்தான். ரொட்டிக்காரர் முழங்கை வரை மாவில் கையை விட்டுப் பிசைந்துகொண்டிருந்தார். மனைவி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். கதவின் ஆணியில் மகளுடைய ஏப்ரன் தொங்கியது. துவைக்கப் போடலாம் என்று எடுத்தவள், எடுத்த கையோடு அதை முகத்தில் வைத்துக்கொண்டாள். வைத்தவள் எடுக்கவில்லை. அவள் தோள் குலுங்குவதை அவர் பார்த்தார்.

எந்த அப்பாவும் அந்த ஏப்ரனை ஒரு தரம் வாங்கி முகத்தில் வைத்துப் பார்ப்பார். இவர் வாங்கி என்ன செய்வார்? அவருக்கு அது வெறும் துணி. மாவிலிருந்து கையை எடுக்காமலே கேட்டார்:

"எப்படி இருக்கு?"

"நல்லா..." என்று தொடங்கியவள் நிறுத்தினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பதைப் பார்த்தாள். மறுபடி ஏப்ரனை முகத்தில் வைத்து, இந்தத் தடவை நிதானமாக மூச்சை இழுத்தாள்.

"கழுத்துக் கயிறுகிட்ட தலைக்கு வைக்கிற எண்ணெய்," என்றாள். "அவளோடது. அவ அதிகமா வைப்பாளே, அது."

"ம்."

"பையில பென்சில் சீவின தூள். கொஞ்சம் சர்க்கரை. ஓரத்துல... வேர்வை. பெரிய பொண்ணு வேர்வை இல்லைங்க. சின்னதுல ஓடி விளையாடிட்டு வந்து மடியில படுப்பாளே, அப்போ தலையில வருமே, அந்த வேர்வை. இன்னும் அப்படியே இருக்கு."

ரொட்டிக்காரரின் கை மாவுக்குள் நின்றுவிட்டது.

"வந்துச்சா?" என்றாள் மனைவி.

"வருது," என்றார் அவர், கண்ணைத் திறக்காமல். "இன்னும் கொஞ்சம் சொல்லு."